ஹெட்ஜ் ட்ரிம்மர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுத்துக்கிட்டு செடிகிட்ட போங்க

எலக்ட்ரிக் ஹெட்ஜ் ட்ரிம்மர், அதாவது வேலிச்செடியை மட்டமா வெட்டற மிஷின், வாங்கணும்னு யார் என்கிட்ட வந்தாலும் பேச்சு நேரா வோல்ட்டுல தான் ஆரம்பிக்குது. 18 போதுமா, 36 வேணுமா, இல்ல பேசாம ஒயர் வெச்சதே வாங்கிடலாமான்னு. நான் திருப்பிக் கேக்கறது வேற, உங்க செடியோட குச்சி எவ்ளோ தடிமன், இலை எவ்ளோ பெருசு. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சுடுச்சுன்னா கடையில இருக்கற மாடல்ல பாதி தானா கழண்டுடும், மீதி பாதியில உங்க கைக்கு எது தாங்கும்னு பாத்தா போதும். வோல்ட்டு வாட்டு எல்லாம் அதுக்கப்புறம் தான்.

முதல்ல இலையைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா இதை யாருமே யோசிக்கறதில்ல. ட்ரிம்மர் எந்தக் குச்சியை வெட்டணும் எந்த இலையை விடணும்னு பாக்காது, அது போற கோட்டுல எது நின்னாலும் சீவிட்டுப் போயிடும். துரந்தா, மருதாணி, சின்ன இலை இட்லிப்பூச்செடி, பாக்ஸ்வுட், தூஜா மாதிரி பொடி இலையா நெருக்கமா வளர்ற செடிக்கு அது ரொம்ப நல்லது, பத்தடி வேலியை ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்துடலாம், வெட்டுன தடமே தெரியாது. ஆனா செம்பருத்தி, அரளி, குரோட்டன்ஸ் மாதிரி பெரிய இலைச் செடியில ஓட்டினீங்கன்னா இலை பாதிப் பாதியா அறுபட்டு நிக்கும். அன்னைக்குப் பாக்க நல்லா தான் இருக்கும், பச்சையா சமமா. ரெண்டு மூணு நாள் கழிச்சு கிட்டப் போய் பாருங்க, அறுபட்ட ஒவ்வொரு இலையோட விளிம்புலயும் மெல்லிசா ஒரு பழுப்புக் கோடு ஓடியிருக்கும், அது காஞ்சு சுருண்டு புதுத்தளிர் வந்து மறைக்கற வரைக்கும் செடி முழுக்க கருகுன மாதிரி தெரியும். செடிக்கு ஆபத்து இல்ல, ஆனா அழகுக்காக வெட்டப் போய் அழகு போயிடுது. அதனால பெரிய இலைச்செடி நாலஞ்சு மட்டும் தான் இருக்குன்னா ட்ரிம்மரே வேணாம்னு தான் நான் சொல்லுவேன், கையில பிடிச்சு குச்சி குச்சியா நறுக்கற ப்ரூனிங் கட்டர் ஒண்ணு நல்லதா வாங்கிக்கங்க, அதுக்கு ஈடே கிடையாது.

பூச்செடிக்கும் இதே கதை தான். இட்லிப்பூ கிளையோட நுனியில தான் கொத்து வைக்கும், மாசா மாசம் நுனியை சீவிக்கிட்டே இருந்தா பச்சை டப்பா மாதிரி ஷேப்பு கிடைக்கும், பூ கிடைக்காது. ஒரு சுற்று பூத்து முடிஞ்ச கையோட ஒருதடவை வெட்டிட்டு விட்டுடணும். செம்பருத்தி புதுசா வர்ற தளிர்ல தான் மொட்டு விடும், வெட்டினா கொஞ்ச நாள் பூ நிக்கும், அப்புறம் இன்னும் அதிகமா வரும், ஆனா மேல சொன்ன மாதிரி அதைக் கட்டர் வெச்சு தான் பண்ணணும். உங்க தோட்டத்துல பூவுக்காக வெச்சிருக்கற செடி எது, வேலிக்காக வெச்சிருக்கற செடி எதுன்னு மனசுக்குள்ள ரெண்டாப் பிரிச்சுக்கங்க. ட்ரிம்மர் ரெண்டாவது வகைக்கு.

சரி, இப்ப ஸ்கேல். செடியில வழக்கமா நீங்க வெட்டற உயரத்துல, அதாவது போன தடவை வெட்டின இடத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கற குச்சியோட தடிமனை அளந்து பாருங்க. அடிக்கடி வெட்டற வேலின்னா பெரும்பாலும் 5, 6 மி.மீ. தாண்டாது. ஒரு வருஷம் கவனிக்காம விட்டதுன்னா 12, 15 மி.மீ. குச்சி நிறைய இருக்கும். இந்த நம்பர் தான் பிளேடுல இருக்கற பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி வேணும்னு முடிவு பண்ணுது. வீட்டு மாடல்ல இந்த இடைவெளி 15, 16 மி.மீ.ல ஆரம்பிச்சு 20, 25ன்னு போகும், பெரிய மிஷின்ல 30 வரைக்கும் இருக்கு. இடைவெளிக்குள்ள நுழையாத குச்சியை அது வெட்டவே வெட்டாது, மேல தட்டிக்கிட்டே நிக்கும், மோட்டர் எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி.

அப்ப பெரிய இடைவெளியா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்லன்னு தோணும். ஆகாது. பல்லுக்கு நடுவுல இடம் அதிகமா இருந்தா மெல்லிசான தளிர் அதுல நிக்காம வளைஞ்சு நழுவும், வெட்டுப்படறதுக்கு பதிலா நசுங்கும், மட்டம் சீரா வராது. பொடி இலை வேலியை நைஸா வெட்டணும்னா 15லேர்ந்து 20 மி.மீ. தான் சரி. முரட்டு வேலி, வருஷத்துக்கு ஒருதடவை ரெண்டு தடவை தான் வெட்டுவேன்னா 24, 25 பாருங்க. அதுக்கு மேல தடிமனான கொப்பு இருந்தா அதை முதல்ல கை ரம்பத்தாலயோ நீளக் கைப்பிடி வெச்ச லாப்பர்ங்கற கத்தரியாலயோ தனியா எடுத்துட்டு அப்புறம் ட்ரிம்மரை ஓட்டறது தான் முறை. சில மாடல்ல பிளேடு நுனியில மட்டும் ரம்பப்பல் மாதிரி குடுத்திருப்பாங்க, வழியில வர்ற ஒண்ணு ரெண்டு தடிக் குச்சியை அதால அறுத்துக்கலாம். அது எப்பவாவது உதவும், அதை நம்பி சின்ன மிஷின் வாங்காதீங்க.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரு கம்பெனி பெட்டி மேல பல் இடைவெளின்னு போடும், இன்னொரு கம்பெனி வெட்டக்கூடிய தடிமன்னு போடும். ரெண்டும் ஒண்ணு இல்ல. 20 மி.மீ. இடைவெளி இருக்கற பிளேடு நிம்மதியா வெட்டறது 15, 16 மி.மீ. பச்சைக் குச்சியைத் தான், காஞ்ச குச்சின்னா அதுவும் கம்மி. ரெண்டு மாடலை பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடறப்ப ஒரே அளவைத் தான் ஒப்பிடறோமான்னு ஒருதடவை பாத்துக்கங்க.

அடுத்து பிளேடு நீளம். இங்க தான் நிறைய பேர் பெருசுக்கு ஆசைப்படறாங்க. வீட்டு மாடல் 40, 45 செ.மீ.ல இருந்து 60, 65 வரைக்கும் வருது. நீளமான நேர் வேலி, மேல்பக்கம் அகலமா இருக்கற வேலின்னா நீளமான பிளேடு ஒரே வீச்சுல அதிகமா எடுக்கும், மட்டமும் நல்லா வரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா தனித்தனியா நிக்கற புதர்ச் செடி, உருண்டையா ஷேப் பண்ற செடி, சுவரோட ஒட்டி இருக்கற செடின்னா 60 செ.மீ. பிளேடை அங்க திருப்பவே முடியாது, ஒரு பக்கம் வளைவு எடுக்கறப்ப நுனி பக்கத்து செடியைக் கடிச்சுட்டு நிக்கும். புதர்ச்செடிக்கு 45, 50 தான் என் சாய்ஸ். என்கிட்ட இருக்கறது 50, அதுக்கு மேல வேணும்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல. பிளேடு நீள நீள எடை முன்பக்கமா சாயும், மணிக்கட்டு தான் அதைத் தாங்கணும்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா அடுத்த விஷயம் ஈசியாப் புரியும். மோட்டர் சுத்துது, கியர் வழியா ஒரு எக்சென்ட்ரிக், அதாவது நடுமையம் விலகின சக்கரத்தை சுத்த வைக்குது, அந்தச் சுத்தல் பிளேடை முன்னும் பின்னுமா தள்ளுது. சலூன்ல முடிவெட்டற மிஷின் மாதிரியே தான், ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு பிளேடு. மலிவான சிலதுல ஒரு பிளேடு அப்படியே நிக்கும், இன்னொண்ணு மட்டும் ஓடும். நல்லதுல ரெண்டும் எதிரெதிரா ஓடும், ஒண்ணு முன்னாடி போறப்ப இன்னொண்ணு பின்னாடி வரும். அதனால ஒண்ணோட உதறலை இன்னொண்ணு சமன் பண்ணிடும், கைக்கு வர்ற அதிர்வு நல்லாவே குறையும், குச்சியும் ரெண்டு பக்கத்துல இருந்தும் பிடிபடறதால நழுவாது. இதைத் தான் டூயல் ஆக்‌ஷன்னு போடறாங்க. இதையும் டபுள் சைடட்ங்கறதையும் குழப்பிக்கவே கூடாது. டபுள் சைடட்னா பிளேடோட ரெண்டு ஓரத்துலயும் பல் இருக்குன்னு அர்த்தம், அவ்வளவு தான், இடமிருந்து வலம் போறப்பவும் வெட்டலாம் திரும்பி வர்றப்பவும் வெட்டலாம். வீட்டு மாடல்ல கிட்டத்தட்ட எல்லாமே டபுள் சைடட் தான், அதைப் பெருமையாச் சொல்லி விக்கறதுல அர்த்தமே இல்ல. டூயல் ஆக்‌ஷன் இருக்கான்னு மட்டும் கேளுங்க, கடைக்காரர் மழுப்பினா மிஷினை ஓட விட்டு நிறுத்தச் சொல்லிப் பாருங்க, நிக்கறதுக்கு முன்னாடி வேகம் குறையற அந்த ஒரு நொடியில ரெண்டு பிளேடும் நகருதா ஒண்ணு மட்டும் நகருதான்னு கண்ணுக்கே தெரியும்.

இந்த அதிர்வை லேசா எடுத்துக்காதீங்கன்னு தான் கெஞ்சிக் கேப்பேன். அரைமணி நேரம் ஓட்டிட்டு கீழ வெச்சப்புறமும் விரல் குறுகுறுன்னு மரத்த மாதிரி இருந்தா அது மிஷின் உங்க கைக்கு சரியில்லன்னு சொல்ற சேதி. மேனுவல்ல அதிர்வு அளவு மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. ஐரோப்பாவுல தொழிலாளிகளுக்கான 2002ஆம் வருஷத்து விதிப்படி எட்டு மணி நேர சராசரி 2.5ஐத் தொட்டா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 5ஐத் தாண்டவே கூடாது. வீட்டுல நாம எட்டு மணி நேரம் ஓட்டப் போறதில்ல, அதனால அந்தக் கணக்கை அப்படியே பொருத்திப் பயப்பட வேணாம், ஆனா ரெண்டு மாடல்ல எது பரவால்லன்னு பாக்க அந்த நம்பர் நல்ல அளவுகோல்.

இப்ப தான் கரண்ட் விஷயத்துக்கு வரேன். ஒயர் வெச்சது, பேட்டரி வெச்சது, ரெண்டு தான் நமக்கு. ஒயர் மாடல் சாதாரணமா 400ல இருந்து 700 வாட். நிக்காம ஓடும், சார்ஜ் தீரும்ங்கற கவலை இல்ல, பேட்டரி செத்துப் போய் மிஷினே வீணாப் போகுங்கற பயமும் இல்ல, பத்து வருஷம் பரண்ல போட்டு எடுத்தாலும் செருகினா ஓடும். விலையும் அதே தரத்துல பேட்டரி மாடலை விடக் கம்மியாத் தான் இருக்கும். ப்ளக் பாயிண்ட்ல இருந்து செடி இருவது முப்பது மீட்டருக்குள்ள இருந்தா இதை ஒதுக்கவே ஒதுக்காதீங்க. 500 வாட் மிஷின் 230 வோல்ட்ல இழுக்கற கரண்ட் ரெண்டேகால் ஆம்பியர் கூட இல்ல, அதனால நீள ஒயர்ல வோல்டேஜ் இறங்கிடும்னு பயமுறுத்தறதை எல்லாம் பெருசா எடுத்துக்க வேணாம். ஒயர்ல பாக்க வேண்டியது வேற: வெளியில உபயோகிக்கற தடிச்ச ரப்பர் உறை இருக்கணும், பச்சை இலைக்கு நடுவுல பளிச்சுனு தெரியற ஆரஞ்சு மஞ்சள் மாதிரி கலர்ல இருக்கணும், நடுவுல டேப் சுத்தின ஒட்டு எதுவும் இருக்கக் கூடாது, சுருள்ல இருந்து முழுசா அவுத்து விட்டுட்டு தான் ஓட்டணும்.

அப்புறம் ஒயர் மாடல் வாங்கறவங்க வீட்டுல அந்த லைன்ல 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாத்துக்கங்க, இது பேரம் பேசற விஷயமே இல்ல. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு அது பாத்துக்கிட்டே இருக்கும், கொஞ்சம் வேற வழியா, அதாவது ஒரு ஆள் உடம்பு வழியா மண்ணுக்குப் போனா கூட கண்ணிமைக்கறதுக்குள்ள லைனைத் துண்டிச்சுடும். சாதாரண ஃப்யூஸோ எம்.சி.பி.யோ இதைப் பண்ணாது. ட்ரிம்மர் தன்னோட ஒயரையே வெட்டிக்கறது இந்த வேலையில ரொம்ப சகஜமா நடக்கற விபத்து, அதனால ஒயரைத் தோள் மேல போட்டுப் பின்னாடி விட்டு, ப்ளக் இருக்கற பக்கத்துல ஆரம்பிச்சு விலகி விலகிப் போற மாதிரி வெட்டுங்க, அப்ப ஒயர் எப்பவும் வெட்டி முடிச்ச பக்கத்துல தான் கிடக்கும். மழை பேஞ்சு இலை நனைஞ்சிருக்கறப்ப தொடவே தொடாதீங்க.

பேட்டரிக்கு வருவோம். 18 வோல்ட்னு ஒண்ணு, 20 வோல்ட் மேக்ஸ்னு ஒண்ணு பக்கத்துல பக்கத்துல இருக்கும், 20 பெருசுன்னு எடுத்துடுவாங்க. ரெண்டும் ஒரே சமாச்சாரம். உள்ள அஞ்சு லித்தியம் செல் வரிசையா இருக்கு, முழு சார்ஜ்ல லோடு இல்லாதப்ப 20ஐத் தொடும், ஓடறப்ப சராசரி 18. அதே மாதிரி 40 வோல்ட் மேக்ஸும் 36ம் ஒண்ணு தான். எவ்ளோ நேரம் ஓடும்னு தெரியணும்னா வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க, வாட் ஹவர் வரும். 18 வோல்ட் 2 ஆம்பியர் ஹவர்னா 36, 18 வோல்ட் 4 ஆம்பியர் ஹவர்னா 72, 36 வோல்ட் 2 ஆம்பியர் ஹவர்னாலும் அதே 72 தான். பெட்டி மேல ஒரு மணி நேரம் ஓடும்னு போட்டிருக்கறது பெரும்பாலும் காத்துல சும்மா ஓட விட்ட கணக்கு, அடர்த்தியான வேலிக்குள்ள இறக்கினா அதுல பாதி கிடைச்சாலே நல்லதுன்னு வெச்சுக்கங்க. நாலஞ்சு புதர், ஒரு சின்ன வேலின்னா 18 வோல்ட்ல 2 இல்ல 2.5 ஆம்பியர் ஹவர் போதும். ஒரு தடவையில முடியலைன்னா நிழல்ல உக்காந்து தண்ணி குடிச்சுட்டு வரதுக்குள்ள கையும் ஓய்வெடுத்துக்கும், அதுவும் நல்லதுக்குத் தான்.

பெரிய பேட்டரியா போட்டா எடையும் ஏறுங்கறதை மறந்துடாதீங்க. அஞ்சு செல் பேட்டரி சுமார் 350, 400 கிராம், பத்து செல்னா 600 கிராமுக்கு மேல போயிடும். அது மிஷினோட பின்பக்கத்துல உக்காரும், நீளமான பிளேடுக்கு அது சில சமயம் எதிர் எடையா நல்லாக் கூட இருக்கும், சின்ன பிளேடுக்குப் பின்னாடி இழுக்கற மாதிரி தான் இருக்கும்.

பேட்டரி மாடல்ல நான் ரொம்ப அழுத்திச் சொல்றது ஒண்ணு இருக்கு. வீட்டுல ஏற்கனவே ட்ரில்லோ வேற ஏதாவதோ பேட்டரி டூல் இருந்தா முதல்ல அந்தக் கம்பெனியோட ட்ரிம்மரைப் பாருங்க. பேட்டரியும் சார்ஜரும் தான் செலவுல பெரிய பங்கு, மிஷினை மட்டும் தனியா வாங்கினா ரொம்ப மிச்சம். ரியோபியோட 18 வோல்ட் ஒன் ப்ளஸ் பேட்டரி அமைப்பு 1996ல இருந்து மாறாம ஓடிக்கிட்டிருக்கு, மகிட்டாவோட 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி.யிலயும் தோட்ட மிஷின் வரிசையே இருக்கு. ஆனா ஒரே பேர் போட்டிருந்தா பொருந்திடும்னு நினைக்காதீங்க, பாஷ் கம்பெனியில வீட்டு உபயோகப் பச்சைக் கலர் 18 வோல்ட் பேட்டரி தொழில்முறை நீலக் கலர் மிஷினுக்குப் பொருந்தாது, நீல பேட்டரி பச்சை மிஷினுக்கும் பொருந்தாது. இதுக்கு நேர்மாறா அந்தப் பச்சை வரிசை பேட்டரி கார்டெனா மாதிரி வேற கம்பெனியோட சில மிஷினுக்குப் பொருந்தும், ஒரு கூட்டணி வெச்சிருக்காங்க. ஆன்லைன்ல வாங்கறப்ப படத்துல பேட்டரி மாட்டியிருக்கும், பெட்டிக்குள்ள இருக்காது, பேட்டரி சார்ஜர் இல்லாத வெறும் மிஷின்னு கீழ பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதைப் படிங்க. மோட்டர் பிரஷ்லெஸ்ஸா, அதாவது உள்ள உரசற கார்பன் பிரஷ் இல்லாததா இருந்தா அதே பேட்டரியில கொஞ்சம் கூடுதலா ஓடும், தேய்மானமும் கம்மி. இருந்தா நல்லது, வருஷத்துக்கு நாலு தடவை வெட்டறவங்க அதுக்காக அதிகம் குடுக்கணும்னு அவசியமில்ல.

எடை. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கலாம், அவ்ளோ முக்கியம். 18 வோல்ட் பேட்டரி மாடல் பேட்டரியோட சேத்து ரெண்டுல இருந்து ரெண்டரை கிலோ சொச்சம், ஒயர் மாடல் ரெண்டரையில இருந்து நாலு வரைக்கும் போகும். நாலு கிலோ என்ன பெரிய எடையா, தூக்க முடியாதான்னு கேப்பீங்க. தூக்கறது வேற, நெஞ்சு உயரத்துல கையை நீட்டி ஆடாம பிடிச்சுக்கிட்டே இடமும் வலமும் வீசறது வேற. கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல மூணு கிலோ எடையுள்ள எதையாவது ரெண்டு கையாலயும் எடுத்து நெஞ்சு உயரத்துல முன்னாடி நீட்டி அஞ்சு நிமிஷம் மெதுவா அசைச்சுப் பாருங்க, தோள்பட்டை சொல்லிடும் எந்த எடை வரைக்கும் போகலாம்னு. வீட்டுல வயசானவங்க யாராவது ஆசையா தோட்ட வேலை பண்றாங்கன்னா அவங்க கையில குடுத்துப் பாத்துட்டு வாங்குங்க, உங்க கையை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

முன் கைப்பிடி வளையமா சுத்தி வர்ற மாதிரி இருந்தா மேல்பக்கம் வெட்டறப்ப ஒரு மாதிரியும் பக்கவாட்டுல வெட்டறப்ப ஒரு மாதிரியும் பிடிச்சுக்கலாம். கொஞ்சம் பெரிய மாடல்ல பின் கைப்பிடியே 90 டிகிரி திரும்பும், நிக்க வெச்சு வெட்டறப்ப மணிக்கட்டை முறுக்க வேணாம். உயரமான வேலி இருக்கறவங்களுக்கு இது நிஜமாவே உதவும்.

பாதுகாப்புல ரெண்டு கை சுவிட்ச் இருக்கணும், அதாவது ரெண்டு கைப்பிடியிலயும் அமுக்கினா தான் ஓடணும், ஒரு கையை எடுத்தா உடனே நிக்கணும். ஒரு கையால கிளையை விலக்கிக்கிட்டு இன்னொரு கையால வெட்டறது தான் விரல் போற வழி, அதைத் தடுக்கத்தான் இந்த அமைப்பு, தயவு செஞ்சு டேப் ஒட்டி அதை நிரந்தரமா அமுக்கி வெக்காதீங்க. குச்சி சிக்கிக்கிட்டா சுவிட்சை விட்டா மட்டும் பத்தாது, பேட்டரியைக் கழட்டிட்டு, இல்ல ப்ளக்கைப் பிடுங்கிட்டு தான் கையை வைக்கணும். கண்ணாடி, முழுக்கால் மூடற செருப்பு இல்ல ஷூ, கையுறை. சத்தமும் 85 டெசிபலைத் தாண்டறது சகஜம், காதுக்கு ஏதாவது போட்டுக்கங்க. அரளி வெட்டறதா இருந்தா பால் கையில கண்ணுல படாம பாத்துக்கணும், செடி முழுக்க விஷம், வெட்டின குப்பையை எரிக்கவும் வேணாம், ஆடு மாடு வர்ற இடத்துல போடவும் வேணாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி புதருக்குள்ள குருவிக்கூடு ஏதாவது இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க, இருந்தா குஞ்சு பறந்து போற வரைக்கும் செடி காத்திருக்கும், ஒண்ணும் ஆகாது.

ஆளுயரத்துக்கு மேல வேலி இருந்தா ஸ்டூல் போட்டு ஏறி வெட்டறதை விட நீளக் கம்போட நுனியில பிளேடு இருக்கற ட்ரிம்மர் (போல் ட்ரிம்மர்னு விப்பாங்க) நல்லது, தலைப்பகுதி மடங்கும், தரையில நின்னே மேல்பக்கம் வெட்டலாம். ஆனா மூணரை, நாலு கிலோ மிஷினோட கனமான தலைப்பகுதி ஒரு நீளக் கம்போட நுனியில இருக்கும்னு நினைச்சுப் பாத்துட்டு வாங்குங்க. இதுக்கு நேர் எதிர், தொட்டிச் செடியும் சின்னப் புதரும் மட்டும் தான் இருக்குன்னா ஒரு கையால பிடிக்கற குட்டி ஷ்ரப் ஷியர் இருக்கு, பிளேடு 12லேர்ந்து 20 செ.மீ. தான், ஒரு கிலோவுக்கு முன்ன பின்ன, புல்லு ஓரம் வெட்டற இன்னொரு பிளேடும் சேத்தே பெரும்பாலும் குடுப்பாங்க. பல் இடைவெளி 8 மி.மீ. மாதிரி தான் இருக்கும், இளந்தளிர் தவிர வேற எதுக்கும் ஆகாது, ஆனா உருண்டை ஷேப் எடுக்க அதை விட சுகமான மிஷின் இல்ல. சின்னத் தோட்டத்துக்கு பெரிய ட்ரிம்மரை விட இதையும் ஒரு நல்ல ப்ரூனிங் கட்டரையும் சேத்து வாங்கறது தான் சரின்னு நான் நினைக்கறேன்.

வாங்கினப்புறம் வெட்டற முறையைப் பத்தி ரெண்டு வார்த்தை. பக்கவாட்டை முதல்ல, கீழ இருந்து மேல வெட்டுங்க, அப்ப விழற கிளை வெட்டாத பகுதி மேல விழுந்து மறைக்காது. கீழ்ப்பாகம் கொஞ்சம் அகலமாவும் மேல போகப் போக ஒடுக்கமாவும் விடுங்க, அப்ப தான் கீழ் இலைக்கும் வெயில் படும், தலைகீழா விட்டா அடிப்பக்கம் மொட்டையாயிடும், அப்புறம் அதை மீட்கறது பெரும்பாடு. மேல்பக்கத்துக்கு ரெண்டு குச்சி நட்டு ஒரு நூலைக் கட்டிக்கங்க, கண்ணளவை நம்பாதீங்க. ஒரே தடவையில செடியில மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. தூஜா, சைப்ரஸ் வகைக்கு இன்னும் ஜாக்கிரதை, பச்சை இருக்கற வரைக்கும் தான் வெட்டணும், உள்ள பழுப்பா இருக்கற பழைய கட்டை வரைக்கும் போயிட்டா அந்த இடத்துல திரும்பத் தளிர்க்காது, ஓட்டை ஓட்டையாவே நின்னுடும்.

பேட்டரியை வெயில்ல காய விடாதீங்க, வெட்டி முடிச்ச சூட்டோட சார்ஜ்லயும் போடாதீங்க, ஆற விட்டு போடுங்க. ரெண்டு மூணு மாசம் தொடப் போறதில்லன்னா பாதி சார்ஜ்ல குளுமையான இடத்துல வெச்சுடுங்க, முழு சார்ஜ்லயோ காலியாவோ வெச்சா சீக்கிரம் தளர்ந்துடும். பிளேடை ஒவ்வொரு தடவையும் துடைங்க, செடிப்பால் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டா ரெண்டு பிளேடும் உரசி சூடாகும், பேட்டரியும் வேகமாத் தீரும். பிரஷ் போட்டுத் தேச்சு, நல்லாத் துடைச்சு, மெல்லிசான மிஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு பத்து செகண்ட் ஓட விட்டீங்கன்னா போதும். நோய் வந்த செடியை வெட்டினா அடுத்த செடிக்குப் போறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிட்டு ஸ்பிரிட்ல பிளேடைத் துடைச்சுடுங்க.

மழுங்கிடுச்சான்னு பாக்க வெட்டின குச்சியோட முனையைப் பாருங்க, சுத்தமா வட்டமா இருந்தா பிளேடு நல்லா இருக்கு, நார் நாரா பிஞ்சிருந்தா தீட்டணும். பேட்டரியைக் கழட்டிட்டு, தடிச்ச கையுறை போட்டுக்கிட்டு, தட்டை அரத்தை பல்லோட சரிவு எந்தக் கோணத்துல இருக்கோ அதே கோணத்துல வெச்சு, கூர் பக்கத்தைப் பாத்து ஒரே திசையில தள்ளுங்க, முன்னும் பின்னும் இழுக்க வேணாம். ரெண்டு பிளேடும் ஒண்ணோட ஒண்ணு உரசற தட்டையான முகத்தைத் தேய்க்கவே கூடாது, அங்க தேஞ்சா நடுவுல இடைவெளி விழுந்து எவ்ளோ தீட்டினாலும் வெட்டாது. எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை தேய்ப்பு, கடைசியில ஓரத்துல நிக்கற பிசிறை சாணைக்கல்லால லேசா எடுத்துட்டு, திரும்ப எண்ணெய் விட்டுடுங்க.